பாஞ்சாலங்குறிச்சி 1801 மேசைப் போர்: எந்த அளவு மினியேச்சர் வாங்கலாம்?

திருநகர்_தம்பி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை திருநகர்ல இருந்து எழுதுறேன். ரொம்ப நாள் ஆசை ஒண்ணு இருக்கு. ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையை மறுபடி எழுப்பினாரே, அந்த 1801 சண்டையைச் சின்னச் சின்னப் பொம்மை வீரர்களை (மினியேச்சர்) மேசையில நிறுத்தி விளையாடணும். மார்ச் 31-ல் கும்பினிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனி) மோதித் தோத்துத் திரும்பினது ஒரு ஆட்டம். மே 24-ல் கர்னல் அக்னியூ சுவரை உடைச்சு உள்ள வந்தது இன்னொரு ஆட்டம். எதிர்ப்பக்கம் ஆட சித்தப்பா மகன் தயாரா இருக்கான்.

வீட்டுல இருக்கிறது நாலுக்கு மூணு அடி சாப்பாட்டு மேசை. அதை விட்டா வேற இடமில்லை. கையில ஒரு பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வச்சிருக்கேன், அதுலயே பெயிண்ட், பிரஷ் எல்லாம் அடங்கணும்.

ஆள் உயரம் 28 மி.மீ. வர்ற பிளாஸ்டிக் பெட்டிகளைப் பார்த்தா கண்ணை எடுக்க முடியலை. 15 மி.மீ. உலோக ஆளுங்க விலை கம்மி. 1/72, அதாவது நிஜத்துல எழுபத்திரெண்டுல ஒரு பங்கு அளவு மெது பிளாஸ்டிக், அதைவிடக் கம்மி. கூடப் படிச்ச நண்பன் ரெசின்ல உருவத்தையே அடிக்கிற 3டி பிரிண்டர் வச்சிருக்கான், கம்ப்யூட்டர் கோப்பு கொண்டுவந்தா அடிச்சுத் தர்றேங்கிறான். எதைத் தொடங்குறது? பாளையக்காரர் ஆளுங்களுக்குன்னே செஞ்ச பெட்டி ஒண்ணும் என் கண்ணுல படலை. அதுக்கு என்ன பண்றது? கையில வாங்கிப் பார்த்தவங்க சொன்னா உதவியா இருக்கும்.

கீழவாசல்_கிரனேடியர் பதில்:

தம்பி, 28-க்கே போங்க. வாழ்க்கையில ஒருதரம் செய்யப்போற காரியம். பெர்ரி கம்பெனி பெட்டியைத் திறந்து அந்த முகங்களைப் பார்த்தீங்கன்னா வேற அளவு பிடிக்காது. சட்டை மடிப்பு, தோள்வார், துப்பாக்கிப் பூட்டு எல்லாம் தெளிவா இருக்கும், மனுஷ உடம்பு அளவும் சரியா இருக்கும். விக்ட்ரிக்ஸ் கம்பெனியும் அப்படித்தான், கொஞ்சம் திடகாத்திரமான ஆளுங்க. கெட்டி பிளாஸ்டிக்கா இருக்கிறதால கத்தியில வெட்டி, பிளாஸ்டிக் சிமெண்ட் வச்சு ஒட்டினா உருகி ஒண்ணாயிடும். கையை மாத்தலாம், தலையை மாத்தலாம். பாளையக்காரருக்கு பெர்ரியோட சூடான் மஹ்தி படைப் பெட்டியைப் பாருங்க. ஈட்டி, வாள் எல்லாம் அதுல இருக்கு. தலைப்பாகை மட்டும் புட்டியில (பிசைஞ்சு உருவம் செய்ற, காய்ஞ்சா இறுகுற பசை) செஞ்சா போதும்.

கொத்தளம்72 பதில்:

தம்பி, கிரனேடியர் சொன்னதுல பெட்டியைப் பத்தின அத்தனையும் உண்மை. 28 மி.மீ. ஆள் என்கிட்டயும் இருக்கு. அலமாரியில வச்சுப் பார்க்க அதுக்கு நிகர் கிடையாது. ஆனா நீங்க கேட்டது ஒரு கோட்டைச் சண்டை. கோட்டைச் சண்டைக்கு ஆளைப் பார்த்து அளவு முடிவு பண்ணக்கூடாது, சுவரைப் பார்த்து முடிவு பண்ணணும். நான் பொதுப்பணித்துறையில வரைவாளரா இருந்து ஓய்வு பெற்றவன், அளக்காம எதையும் சொல்ல வராது. கொஞ்சம் பொறுமையா படிங்க.

அந்தச் சண்டையில இருந்த வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி கோட்டையோட அளவை எழுதி வச்சிருக்கார். நீளப் பக்கம் ஏறக்குறைய 500 அடி, குறுக்குப் பக்கம் 300 அடி. முழுக்க மண் சுவர், உயரம் சுமார் 12 அடி. சின்னச் சின்ன சதுரக் கொத்தளங்கள், சுத்தி முள்வேலி. உள்ளே இருந்தவங்க கையில 18-லிருந்து 20 அடி வரைக்கும் நீளமான ஈட்டி. இந்த நாலு கணக்கையும் உங்க மேசை மேல வச்சுப் பாருங்க.

28 மி.மீ. ஆள்னா தோராயமா 1/56. அப்போ உங்க நாலடி மேசையில அடங்குற தரை 224 அடிதான். கோட்டையோட சின்னப் பக்கம்கூட உள்ள நிக்காது. 1/72-ல் அந்த 300 அடி 127 செ.மீ. ஆகுது, மேசை 122. கொஞ்சத்துல தவறிப்போகுது. 15 மி.மீ.-க்கு 1/100 வச்சுக்கலாம். அதுல 300 அடிச் சுவர் 91 செ.மீ. வரும், ரெண்டு பக்கமும் ஆள் சுத்தி வர பக்கத்துக்கு ஐம்பது அடி தரை மிச்சம். மேசையோட மூணடி ஆழம் 300 அடி, அதாவது நூறு கெஜம். அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கிக்கு அதுதான் ஏறக்குறைய எல்லை. சுவர்ல இருந்து எதிர் விளிம்பு வரைக்கும் ஒரு குண்டு போற தூரம்! அக்னியூவோட பீரங்கி மேடு அதுக்கும் பின்னால, மேசைக்கு வெளியே இருக்கட்டும். மே மாச ஆட்டத்தைச் சுவர் இடிஞ்ச நிலையிலயே தொடங்குங்க.

அதனால என் முடிவு 15 மி.மீ. குறுக்குச் சுவர் ஒண்ணை மட்டும் முழு அளவுல கட்டுங்க. 12 அடிச் சுவர் 37 மி.மீ. உயரம் வரும். தெர்மாகோலைவிட நெருக்கமான இன்சுலேஷன் போர்டு கிடைச்சா நல்லது, கத்தி வச்சா மணி மணியா உதிராது.

இப்போ ஆளுக்கு வருவோம். நான் மினியேச்சர் கையில வந்ததும் முகத்தைப் பார்க்கிறதில்லை. மூணு இடத்தைத்தான் பார்ப்பேன்.

முதல்ல கை. பாளையக்காரர் படைக்கு ஈட்டி முக்கியம். 18 அடி ஈட்டி 1/100-ல் 55 மி.மீ., ஆள் உயரத்துக்கு மூணு மடங்குக்கும் மேல! ஆளோட சேர்த்து வார்த்த உலோக ஈட்டி எந்தக் கம்பெனியுதா இருந்தாலும் குட்டையா, தடியா இருக்கும், தொட்டா வளையும். உள்ளங்கை விரிஞ்சு, ஓட்டை போட இடம் விட்டு வார்த்த ஆளா பார்த்து வாங்குங்க. ஈட்டிக்கு 0.4 மி.மீ. எஃகுக் கம்பி. ஓட்டை போடுற கைத்துரப்பணம், பொடி அரம், கூர் சாமணம் எல்லாத்தையும் வெளிநாட்டுல 'ஹாபி டூல்'னு விக்கிற விலைக்கு வாங்காதீங்க. தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறைக்காரங்களுக்குச் சாமான் விக்கிற கடைகள் இருக்கு. பொற்கொல்லர் தினமும் பிடிக்கிற கருவி அது, பல வருஷம் உழைக்கும். கம்பி முனையை ரெண்டு உரசு உரசிட்டு மாட்டுங்க, இல்லைனா விளையாடும்போது விரல்ல ஏறும்.

ரெண்டாவது கணுக்கால். 15 மி.மீ. உலோக ஆளுங்க ஒடியிறது பெரும்பாலும் அங்கதான். ஓடுற மாதிரி, ஒத்தைக் கால்ல நிக்கிற ஆள் படத்துல அழகா இருக்கும், ரெண்டு ஆட்டத்துல தலை சாயும். வேட்டியோ கச்சையோ தரை வரைக்கும் தொங்குற ஆள் உறுதி.

மூணாவது, மூணடி தூரம். ஆளை மேசை நடுவுல வச்சுட்டு, நாற்காலியில உட்கார்ந்து பாருங்க. யார் சிப்பாய், யார் பாளையக்காரர்னு நிழலுருவிலயே தெரியணும். கையில வச்சு லென்ஸ்ல பார்த்து மதிப்பெண் போடுற விமர்சனங்களை நான் அவ்வளவா நம்புறதில்லை. நாம யாரும் லென்ஸ் வச்சுக்கிட்டு விளையாடப் போறதில்லையே.

கும்பினிச் சிப்பாய்க்கு ஒரு வழி சொல்றேன். மெட்ராஸ் சிப்பாய்னா சிவப்புச் சட்டை, தொடை வரைக்கும் அரைக்கால் சட்டை, அதோட விளிம்புல நீலக் கோடு, தலையில நீலத் தலைப்பாகை, கால்ல செருப்பு. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் காலாட்படை ஆளுங்களை வாங்கி, முழங்கால் உறையில இருக்கிற பொத்தான் வரிசையை அரத்தால தேய்ச்சுட்டு, தொடைக்குக் கீழே தோல் நிறம் அடிச்சா வெறுங்கால் ஆயிடும். முக்கோணத் தொப்பியை வெட்டி, கிரீன் ஸ்டஃப் புட்டியில தலைப்பாகை சுத்தணும். நம்ம ஊர் எம்-சீல் சுவருக்கும் மேட்டுக்கும் அருமையானது. தலைப்பாகை மடிப்புக்கு கிரீன் ஸ்டஃப்தான், இழுத்தா வளைஞ்சு கொடுக்கும், ஊசி முனையில மடிப்பு போட நேரமும் தரும்.

பாளையக்காரருக்கு ஜூலு வரிசைகள்ல இருந்து வெற்றுடம்பு ஆளுங்களை எடுக்கலாம். கேடயத்தை ஒட்டாம விட்டுருங்க, இடுப்புத் தோலை வேட்டியா மாத்துங்க. வளரி வேணும்னு ஆசை இருக்கும். முழ நீள வளரி 1/100-ல் நாலரை மி.மீ.தான் வரும். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டுல பிறை மாதிரி வெட்டி, பத்துப் பேருக்கு ஒருத்தர் கையில கொடுத்தா போதும். வளரி மருது சகோதரர்களோட மண்ணுல அதிகமா பேசப்படுற ஆயுதம். சின்ன மருதுகிட்டதான் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கத்துக்கிட்டதா அதே வெல்ஷ் எழுதியிருக்கார். கத்துக் கொடுத்தவரை 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூர்ல தூக்குல போட்ட படையில அவரும் இருந்தார். இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்த நாலரை மில்லி மீட்டரை வெட்டும்போது கை தானா நிதானமாகும்.

சுங்கத்தையும் கணக்குல வச்சுக்கங்க. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023-ல் 70 ஆச்சு. 2021 ஜனவரி முதல் பொம்மைக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தரச் சான்று) முத்திரையும் கட்டாயம். பார்சலை எந்த வகையில சேர்க்கிறாங்கங்கிறதைப் பொறுத்து உங்க பத்தாயிரம் எங்க போகும்னு சொல்ல முடியாது. நம்ம நாட்டுக்குள்ளேயே ஸ்டாக் வச்சிருக்கிற கடையில, கொஞ்சம் விலை கூடினாலும், வாங்குங்க.

திருநகர்_தம்பி:

கொத்தளம் அண்ணே, மேசையை அளந்தே சொல்லிட்டீங்க, ரொம்ப நன்றி. 15-ன்னு முடிவு பண்ணிட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். பெயிண்ட் அடிக்கிற வீடியோ எல்லாத்துலயும் வெள்ளைக்கார முகத்துக்குத்தான் சொல்லித் தர்றாங்க. நம்ம ஆளுங்க நிறத்துக்கு என்ன செய்றது? அப்புறம் அந்த ரெசின் பிரிண்டர்?

விளாச்சேரி_அக்கா பதில்:

தம்பி, எங்க வீட்டுல கொலு பொம்மை செய்றோம். மேசைப் போர் எனக்குத் தெரியாது, என் மகன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். நிறம் மட்டும் சொல்றேன்.

நம்ம முகத்துக்குக் கருப்புல இருந்து தொடங்காதீங்க, சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும். கரும்பழுப்புல தொடங்கணும். அதுல துளி சிவப்பு இருந்தா உயிர் வரும். அடுத்த பூச்சு அதைவிடக் கொஞ்சம் வெளிச்சம், நெற்றி, மூக்கு, கன்ன மேடு, தோள் இதுல மட்டும். வெளிச்சம் கூட்டுறதுக்கு வெள்ளை கலக்காதீங்க. காவி, மஞ்சக்காவி பக்கம் போங்க. வெள்ளை கலந்த பழுப்பு செத்த நிறம். எல்லா ஆளுக்கும் ஒரே பழுப்பும் அடிக்காதீங்க. ஒரு ஊர்க் கூட்டத்துல நின்னு பாருங்க, எத்தனை நிறம்! மூணு கிண்ணத்துல மூணு பழுப்பு கலந்து வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி அடிங்க.

இம்புட்டுச் சின்ன ஆளுக்குக் கண்ணு வரைய வேண்டியதில்லை. புருவத்துக்குக் கீழ குழியில கரும்பழுப்பு நின்னாலே பார்வை வந்துடும். வேட்டியும் வெள்ளை வெளேர்னு வேண்டாம், சாம்பல் கலந்த சந்தன நிறத்துல அடிச்சு மடிப்பு மேட்டுக்கு மட்டும் வெள்ளை.

கொத்தளம்72 பதில்:

அக்கா சொன்னதுக்கு மேல நிறத்துல நான் சொல்ல ஒண்ணுமில்லை. டப்பா பேர் மட்டும் சேர்க்கிறேன். வயேஹோ மாடல் கலர்ல சாக்லேட் பிரவுன் அடிநிறம், அதுக்கு மேல ஃபிளாட் பிரவுன், மேட்டுக்கு ஆரஞ்சு பிரவுன். துளிசொட்டி மூடி போட்ட குப்பிங்கிறதால வேணுங்கிற அளவு மட்டும் எடுக்கலாம், காயாது. நம்ம கேமல், ஃபெவிக்ரில் அக்ரிலிக்கைச் சுவருக்கும் தரைக்கும் தாராளமா பயன்படுத்துங்க. பெரிய பரப்புக்கு வெளிநாட்டு பெயிண்ட் செலவழிக்கிறது வீண். பிரஷ்ல மட்டும் காசைச் சுருக்காதீங்க. வின்சர் நியூட்டன் சீரிஸ் 7 மாதிரி முடிப் பிரஷ் ஒண்ணு, ஒண்ணாம் நம்பர். ஜீரோவும் டபுள் ஜீரோவும் எதுக்கு? முனையில சேருற பெயிண்ட் முகத்துக்குப் போறதுக்குள்ளேயே காய்ஞ்சுடும், நம்ம ஊர் வெக்கைக்கு இன்னும் வேகமா. ஒண்ணாம் நம்பர்ல முனை கூர்மை, வயிறு பெருசு.

வெயில்னு சொன்னதும் ஞாபகம் வருது. வெளிநாட்டு வீடியோக்கள்ல இதைச் சொல்ல மாட்டாங்க. கத்திரி வெயில்ல மொட்டை மாடியில நின்னு ஸ்பிரே பிரைமர் (அடிப்பூச்சு) அடிச்சா பெயிண்ட் காத்துலயே காய்ஞ்சு ஆள் மேல மாவு மாதிரி படியும். விடிஞ்சும் விடியாம அடிங்க. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல மேட் வார்னிஷ் ஸ்பிரே அடிச்சா வெள்ளையா பூத்துடும், அந்த மாசங்கள்ல பிரஷ்ல தடவுற வார்னிஷ் மட்டும். பெயிண்ட் தட்டுல காயாம இருக்க, மூடி போட்ட டிபன் பாக்ஸ்ல ஈர ஸ்பாஞ்சு விரிச்சு மேல பேக்கிங் பேப்பர் போட்டுக்கங்க. கலந்த மூணு பழுப்பும் மறுநாளும் அப்படியே இருக்கும். உலோக ஆளுங்களைப் பிரைமருக்கு முன்னாடி சோப்புத் தண்ணியில பழைய டூத்பிரஷ் வச்சுக் கழுவுங்க, அச்சுல தடவின பவுடர் போகணும். சில வார்ப்புல ஈயம் உண்டு. அரம் போடும்போது முகமூடி கட்டுங்க, சாப்பிடுறதுக்கு முன்னாடி கை கழுவுங்க. அது சாப்பாட்டு மேசைங்கிறதால கண்டிப்பா சொல்றேன்.

ரெசின் பிரிண்டைப் பத்தி. பீரங்கி, வண்டிச் சக்கரம், கொத்தளம், ஏணி, கூடை இதெல்லாம் நண்பர்கிட்டயே அடிங்க, பாதிச் செலவு மிச்சம். ஆளுங்களையும் அடிக்கலாம், விவரம் உலோகத்தைவிடத் தெளிவா வரும். சாதாரண ரெசின்ல துப்பாக்கி முனையும் ஈட்டியும் பட்டுனு ஒடியும். வளையும் தன்மை உள்ள ரெசினைக் கொஞ்சம் கலந்து அடிக்கச் சொல்லுங்க, ஈட்டியை எப்படியும் கம்பியிலதான் போடுங்க. கழுவாத, புற ஊதா வெளிச்சத்துல இறுக வைக்காத ரெசினை வெறுங்கையால தொடாதீங்க. மே மாசத்துல கார்ல விட்டுட்டுப் போனா மெலிசான பகுதி வளையும், வெந்நீர்ல முக்கி நேராக்கிப் பச்சைத் தண்ணியில போட்டா நிக்கும்.

கிரனேடியர் 1/72-ஐப் பத்திச் சொல்லலை. அது மெது பிளாஸ்டிக், பாலித்தீன் வகை. விலை மலிவு, கூட்டம் கூட்டமா வாங்கலாம். ஆனா துப்பாக்கியை வளைச்சா பெயிண்ட் உரியும், சாதாரண பசை ஒட்டாது. வளையும்போது விரியுற பிரைமர் அடிச்சுட்டுத்தான் தொடணும். பள்ளிக்கூடத்துப் பசங்க படை சேர்க்க நல்ல வழி, உங்க ஈட்டிக்குச் சரிப்படாது.

கீழவாசல்_கிரனேடியர்:

சரிங்க அண்ணே, சுவர் கணக்கை ஒத்துக்கிறேன். நாலடி மேசைக்கு 15 தான் சரி. ஆனா ஊமைத்துரை ஒரு ஆளை மட்டும் 28-ல் செஞ்சு பீடத்துல வைங்க தம்பி. அவரைப் பதினைஞ்சு மில்லியில அடைக்க மனசு வரலை.

திருநகர்_தம்பி:

கண்டிப்பா செய்றேன் அண்ணே. கொத்தளம் அண்ணே, தரையும் முள்வேலியும் எப்படி? அந்த ஊர் செம்மண்ணா?

கொத்தளம்72 பதில்:

ஒட்டப்பிடாரம் பக்கம் பெரும்பாலும் கரிசல். பெட்டிப் படத்துல வர்ற மஞ்சள் பாலைவன மணலைத் தூவினா எகிப்து ஆயிடும். அந்தப் பக்கம் போகும்போது ஒரு பை கரிசல் அள்ளிட்டு வாங்க. டீ வடிகட்டியில சலிச்சு, வாணலியில வறுத்து ஈரத்தையும் பூச்சியையும் போக்கிட்டு, ஃபெவிகாலும் தண்ணியும் சரிபாதி கலந்து ஒட்டுங்க. காய்ஞ்சதும் மேட்டு மேல மட்டும் வெளிறின சாம்பலை உலர் பிரஷ்ல தடவுங்க, இல்லைனா மூணடி தூரத்துல கருப்பா ஒரே திட்டா தெரியும்.

முள்வேலிக்கு உடைமரத்து முள்ளையே நினைச்சுக்கங்க. சீமைக் கருவேலம் அப்போ அந்த மண்ணுல கிடையாது, பின்னால வந்தது. 1/100-ல் ஆள் உயர வேலி 17 மி.மீ. தேங்காய் நாரைப் பிச்சு, கத்தரியால கத்தரிச்சு, பசையில புரட்டி உருட்டினா அசல் முள்கூட்டமா நிக்கும். சாம்பல் பழுப்பு அடிங்க, பச்சை துளி போதும். வெளிநாட்டு மரப் பெட்டியில வர்ற பனை ஈச்சமரம் மாதிரி இருக்கும். நம்ம பனை ஐம்பது அடி நெட்டையா, தண்டு கறுத்து நிக்கும். 15 செ.மீ. கம்பியில சணல் சுத்தி, மேல விசிறி விசிறியா காகிதம் வெட்டி ஒட்டுங்க. சுவருக்குப் பின்னால ஏழெட்டு நட்டாலே ஊர் தெரிஞ்சுடும்.

ஆளுங்களை நிறுத்துற பீடத்துக்கு, பெயர்ப்பலகையும் கேடயமும் செய்ற லேசர் கடையில 2 மி.மீ. எம்.டி.எஃப். பலகையைக் கொடுத்து 40 மி.மீ. அகலத்துக்கு வெட்டச் சொல்லுங்க. அடியில ரப்பர் காந்தத் தகடு ஒட்டிட்டா பழைய பலகார டின்ல நிறுத்தி எடுத்துட்டுப் போகலாம், ஈட்டி ஒண்ணோட ஒண்ணு மாட்டாது. சிப்பாய்களை நேர்வரிசையா, பீடத்துக்கு எட்டு. பாளையக்காரரை வரிசை கட்டாம, அஞ்சோ ஆறோ, முன்னும் பின்னுமா. ஈட்டி எல்லாம் ஒரே சாய்வுல முன்னாடி நீட்டி இருக்கட்டும். தூரம் அளக்க இஞ்ச் போட்ட தையற்காரர் டேப், சுவரை ஒட்டி வளைச்சு அளக்க அதைவிட வசதியானது இல்லை.

நான் இப்போ மதுரைக் கோட்டையை 6 மி.மீ.-ல் கட்டிக்கிட்டிருக்கேன். கான் சாகிப் யூசுப்கான் காத்து நின்ன 1764 முற்றுகை. ஊரே சுவருக்குள்ள இருந்த கோட்டை, அதுக்கு 1/300 தவிர வேற வழியில்லை. 19-ஆம் நூற்றாண்டுல கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடிச்சு அகழியை மூடின இடத்துல வெளி வீதிகள் வந்ததால, வெளி வீதியை நடந்து அளந்தாலே திட்டம் கிடைக்குது. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மிஞ்சி நிக்கிற கொத்தளம் உயரத்துக்கு அளவு கொடுக்குது. உங்க சுவர் நின்னதும் படம் போடுங்க. முதல் வாங்கல்ல சிப்பாய் நாலு பாக்கெட், ஈட்டிக்காரர் ஆறு பாக்கெட், பீரங்கி வேண்டாம். மார்ச் 31 ஆட்டத்தை முதல்ல ஆடுங்க, அதுக்கு உடைஞ்ச சுவர் செய்ற வேலையும் கிடையாது.